வெங்காய மண்டியில் சிரித்தவள்

இளவேனில் எடுத்த படங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது, பாப்பாயி வெங்காயம் புடைக்கிற படம்தான். எடுத்த அன்று அந்தப் பெண்ணின் பெயர் பாப்பாயி என்பது இளவேனிலுக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவும் இல்லை.

இளவேனிலுக்கு வீடு உறையூரில். வேலை ஸ்ரீரங்கம் மேலச்சித்திரை வீதியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்ப நல்லாத் தெரியுதுங்களா? முன்ன போட்டது நல்லாத் தெரிஞ்சுதுங்களா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்பார்கள் பாதிப் பேர். பொழுது சாய்ந்து டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து உறையூர் பஸ் பிடித்து வீடு சேரும்போது கண் இரண்டும் எரியும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுடையது. தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது விட்டுப்போன கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியும்போதே கிளம்பிவிடுவாள். காவிரிப் பாலம், அம்மா மண்டபத்துப் படித்துறை, காந்தி மார்க்கெட் என்று கால் போன பக்கம் போவாள். ஆரம்பத்தில் எடுத்ததெல்லாம் காரணம் சொல்லமுடியாத படங்கள். ஈரச் சாக்கின் மேல் தூங்குகிற பூனை. கழுவிக் கவிழ்த்த டீ கிளாஸ்களின் வரிசை. பஸ் ஜன்னல் புழுதியில் யாரோ விரலால் எழுதிவிட்டுப் போன பெயர். வீட்டுக்கு வந்து பார்த்து, ‘இதை எதுக்கு எடுத்தேன்?’ என்று யோசிப்பாள். அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்தாள். பூனைக்கு ஏழெட்டுப் பேர் லைக் போட்டார்கள். மூட்டை தூக்குகிற ஒருவரின் வியர்த்த முதுகுக்கு ஆயிரக்கணக்கில் போட்டார்கள். அதற்கப்புறம் பூனை அவள் கண்ணில் படவேயில்லை. முதுகுகளும், சுருக்கம் விழுந்த கைகளும், பொக்கைவாய்ச் சிரிப்புகளும்தான் பட்டன.

“ஏன் இளா, சட்டை போட்டுக்கிட்டு, வாயில பல்லோட இருக்கறவன் எவனும் இந்த ஊர்ல இல்லியா?” என்று ஒருநாள் கேட்டான் அவள் புருஷன் பூவரசன். பாலக்கரையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான்.

“ஒங்களை எடுக்கட்டுமா?”

“வேணாம் தாயி. நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போறேன்.”

அந்த வருடம் ஆடிக் காற்று பேய்த்தனமாக அடித்தது. மேட்டூர் அணை திறந்து காவிரியில் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மார்க்கெட் பக்கம் போனால் கண்ணில் மண் விழுந்தது. வெங்காய மண்டியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பெரம்பலூர்ப் பக்கமிருந்து வந்த சின்ன வெங்காயத்தைக் கொட்டி, காய்ந்த தாளைக் கிள்ளி, அழுகலைத் தள்ளி, முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்த ஒருத்தி முறத்தை உயர வீசிய நேரத்தில் காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. ரோஸ் நிற வெங்காயத் தொலியெல்லாம் அவள் தலைக்குமேல் எழும்பி, தகரக் கூரை இடுக்கில் விழுந்த வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. அவள் அண்ணாந்து, வாய் நிறையச் சிரித்தாள். இளவேனில் எடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் படத்தைப் போட்டாள். மறுநாள் காலை இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே போன் அடுப்பு மேடையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. வாரத்துக்குள் யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். கடையில் கண் பரிசோதனைக்கு வந்த ஒரு மாமிகூட, “இந்தப் படத்தப் பாத்தேளோ? சாட்சாத் மகாலட்சுமியாட்டம் சிரிக்கறா!” என்று போனைக் காட்டினாள். அதை எடுத்ததே தான்தான் என்று சொல்லும்போது இளவேனிலுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கனிஷ்கா என்று ஒரு பெண். மருங்காபுரிப் பக்கத்துக் கிராமம், திருச்சியில் நர்சிங் படிக்கிறாள்.

‘அக்கா, இந்தப் படத்தில் இருப்பவர் எங்கள் அம்மா மாதிரியே இருக்கிறார். அம்மா பெயர் மலர்க்கொடி. நான் நாலாவது படிக்கும்போது வீட்டை விட்டுப் போனவர், எங்கே என்றே தெரியவில்லை. இந்தப் படத்தை எங்கே எடுத்தீர்கள் என்று சொல்ல முடியுமா?’

கூடவே ஒரு பழைய படம் அனுப்பியிருந்தாள். ரேஷன் கார்டுக்கு எடுத்ததோ என்னவோ, ஒருத்தி விறைப்பாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளவேனிலுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு படங்களையும் கடைக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினாள். புருவம் ஒன்றுதான். மூக்கு ஒன்றுதான். கண்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியைத் திரையில் ஸ்கேல் வைத்தே அளந்து பார்த்தாள். முகங்களோடு புழங்குவதுதானே அவள் தொழில். சந்தேகமே இல்லை என்று நினைத்தாள். தன் படம் ஒரு மகளுக்கு அம்மாவைத் தேடிக் கொடுத்திருக்கிறது! சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. ‘காந்தி மார்க்கெட் பக்கத்தில் வெங்காய மண்டி. வரிசையில் கடைசி ஆள்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது பூவரசன் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டான். “அந்தம்மாகிட்டக் கேட்டியா?”

“எதை?”

“நீங்கதானான்னு.”

“ஞாயித்துக்கெழம போய்க் கேக்கணும். அம்மாவையும் பொண்ணையும் சேத்து ஒரு படம் எடுத்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.”

பூவரசன் குழம்பு கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது வரிசையில் கடைசி இடம் காலியாகக் கிடந்தது. மண்டிக்காரர் குத்புதீன் பாய் தராசுக்குப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டார்.

“வாம்மா. படம் புடிக்கறது நீதானே?”

“ஆமாங்க பாய்.”

“நல்லா இரும்மா. மண்டியில ஒரு வாரமா யாவாரமே ஓடல, வேடிக்கைதான் ஓடுது. பாப்பாயியத் தேடி ஆளுங்க வராங்க. ஒருத்தர் பேரு மருதையாம், அம்மாவத் தேடற பொண்ணுக்குத் தாய்மாமனாம். ரோட்டுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு ‘மலரு, மலரு’ன்னு கூப்புடறார். இது திரும்பவே இல்ல. கிட்ட வந்து, ‘பெத்த புள்ளைய விட்டுட்டு இப்படி உக்காந்திருக்கியே’ன்னு ஒப்பாரி வெக்கிறார். இது என்னா சொல்லும்? ‘நான் அவ இல்ல’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு, மொறத்தப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.”

“அவங்கதானுங்களே அது? படத்துல அப்படியே…”

“எனக்கென்னாம்மா தெரியும்? நான் வெங்காயத்தப் பாத்தா எந்த ஊருன்னு சொல்லுவேன். மனுசனப் பாத்து எப்படிச் சொல்றது? அந்த ஆளு படத்தோட சேத்து, ‘காணாமல் போனவர் கிடைத்துவிட்டார்’னு போன்ல போட்டுட்டாராம். இப்ப லோடுமேன்லேருந்து டீக்கடை வரைக்கும் அதே பேச்சுதான். இதுல அவ புருசன் வெள்ளச்சாமி வேற…” பாய் நிறுத்திக்கொண்டார். “அரியமங்கலம் போற ரோட்ல சந்துக்குள்ள வீடு. போனியன்னா கேமராவ இங்க வெச்சுட்டுப் போம்மா.”

இளவேனில் கேமராவைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். தோள் லேசாக இருந்தது, ஆனால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பாப்பாயி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளைச்சாமி கயிற்றுக் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். பக்கத்தில் லோடு ஆட்டோ தார்ப்பாய் மூடி நின்றது. அன்றைக்கு வண்டி எடுக்கவில்லை போல.

“அக்கா, நான்தான் அந்தப் படத்தை…”

“தெரியும். கேமராக்காரி.” பாப்பாயி நிமிரவில்லை. “நீ அன்னைக்கு எடுத்தது தெரியும். எடுத்துட்டுப் போவட்டும், நமக்கென்னான்னு இருந்தேன்.”

“அக்கா, நீங்க மலர்க்கொடி இல்லியா?”

“இதை நீ எப்பக் கேக்கற பாரு.” மொச்சைத் தோலை வெடுக்கென்று தள்ளினாள். “முன்னாடியே வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, இல்லன்னு சொல்லியிருப்பேன்ல. எனக்கு முசிறிப் பக்கம். அப்பா செத்து, திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடந்தேன். அப்பறம் இந்த மனுசனக் கட்டிக்கிட்டு இங்க வந்தேன். புள்ள பெக்கல. பெத்திருந்தா விட்டுட்டு வருவனா, மாட்டனா, அதுகூட எனக்குத் தெரியாது.”

உள்ளேயிருந்து வெள்ளைச்சாமியின் குரல் வந்தது. “எந்தக் கம்பெனின்னு கேளுங்க. அது மூடி வருசமாவுதாம். கூட வேல பாத்தவ பேரு கேட்டா மறந்துபோச்சாம்.”

“கேட்டியா?” என்றாள் பாப்பாயி. “மருதைன்னு ஒருத்தன் வந்து மூணு வார்த்த சொன்னான். அன்னையிலேருந்து இது எம்மூஞ்சிய உத்து உத்துப் பாக்குது. சோத்தப் போட்டா சோத்தப் பாக்காம என்னையப் பாக்குது. ‘அந்த வருசம் நீ எங்க இருந்த?’ங்குது. இத்தன வருசம் கேக்காத கேள்வி.”

“அண்ணே,” என்றாள் இளவேனில். “தப்பு என்னோடதுண்ணே. நான்தான் எடம் சொன்னேன்.”

“நீங்க எடத்தத்தானே சொன்னீங்க,” என்றான் அவன், திரும்பாமலே. “படத்துல இருக்கறது யாருன்னு நீங்களும் சொல்லலியே.”

இளவேனில் அங்கேயே நின்று போனை எடுத்து, தன் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து படத்தை நீக்கினாள். நீக்கியதை பாப்பாயியிடம் காட்டினாள்.

“போயிருச்சா?”

“எங்கிட்டேருந்து போயிருச்சுக்கா. மத்தவங்க எடுத்து வெச்சிருக்கறது போகாது.”

“அப்ப என்னத்துக்குக் காட்டற?” என்றாள் பாப்பாயி. கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது போல இருந்தது.

பஸ்ஸில் வரும்போது இளவேனில் போனில் தன் பக்கத்தை முதலிலிருந்து தள்ளிப் பார்த்தாள். முதுகு, கை, முதுகு, சிரிப்பு. ஒரு பெயர்கூட அவளுக்குத் தெரியவில்லை. இந்த முதுகுக்காரருக்கு ஊரில் யார் இருக்கிறார்கள், தான் மூட்டை தூக்குவதை அவர்களிடம் சொல்லியிருக்கிறாரா? கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிற இந்தக் கிழவர் அன்றைக்கு எதற்காக அப்படி உட்கார்ந்திருந்தார்? ‘உழைப்பின் களைப்பு’ என்று கீழே எழுதியிருந்தாள். பல்வலியாகக்கூட இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்தையே மூடினாள்.

“நாலு நாள்ல தெறந்துருவ,” என்றான் பூவரசன்.

“இருக்கலாம். இப்ப வேணாம்.”

“கேமரா?”

“பாய் மேசையில இருக்கு. போய் எடுக்கணும். கேமராமேல எனக்கொண்ணும் கோவம் இல்ல.”

கனிஷ்காவை போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். “அவங்க பயந்துக்கிட்டு இல்லன்னு சொல்லலாம்லக்கா?” என்றது சின்னக் குரல். “நான் ஒரு தடவ நேர்ல பாத்துட்டா போதும்க்கா. தொந்தரவு பண்ணமாட்டேன்.”

அதைச் சொல்ல இளவேனில் மறுபடி சந்துக்குப் போனாள். இந்த முறை ஒன்றையும் தானாக முடிவுசெய்யவில்லை. “வரணும்னு இல்லக்கா. வேணாம்னா வேணாம்னு சொல்லிடறேன்” என்றாள்.

பாப்பாயி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு யோசித்தாள். “நானும் அந்தப் புள்ளையப் பாக்கணும்,” என்றாள். “எம்மூஞ்சிய வெச்சுக்கிட்டு எவளோ ஒருத்தி பெத்த புள்ள. எப்படித்தான் இருக்குன்னு பாக்க வேணாமா? மண்டிக்கு வேணாம். ஊரே வேடிக்க பாக்கும்.”

கண்ணாடிக் கடைக்கு வரச்சொல்லலாம் என்று முடிவானது. மதியச் சாப்பாட்டு நேரம், ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. கனிஷ்கா மாமா மருதையுடன் முன்னாலேயே வந்து, கல்லூரிச் சுடிதாரின் துப்பட்டாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மருதை வறட்டுக்காட்டு விவசாயி, வெயிலில் கறுத்த மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “எங்க அக்காதாம்மா, கூடப்பொறந்தவன் எனக்குத் தெரியாதா?” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

லோடு ஆட்டோ வந்து நின்றது. பாப்பாயி பின்னால் வெறும் சாக்குகளின்மேல் உட்கார்ந்து வந்திருந்தாள். வெள்ளைச்சாமி முன்னால் தனியாக ஓட்டிவந்திருந்தான். ஷட்டருக்குக் குனிந்து அவள் உள்ளே வந்தபோது, நாலு சுவரிலும் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளில் நாலைந்து பாப்பாயிகள் வந்தார்கள். கனிஷ்கா எழுந்து நின்றாள்.

“மலரு…” என்றார் மருதை.

பாப்பாயி அவரைப் பார்க்கவேயில்லை. நேராக அந்தப் பெண்ணுக்கு எதிரில் வந்து நின்றாள். “நீதானா கனிஷ்கா?” என்றாள். “நல்லாப் பாத்துக்க ஆயி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு. சாப்ட்டுட்டு வந்தியா?”

கனிஷ்காவின் முகம் மாறியதை இளவேனில் பார்த்தாள். ஏதோ ஒன்று அந்த முகத்திலிருந்து மெல்ல இறங்கிப்போனது.

“இல்ல மாமா,” என்றாள் கனிஷ்கா. “இவங்க இல்ல.”

“நல்லாப் பாரு கண்ணு. வெயில்ல மொகம் கொஞ்சம்…”

“மொகம் அதேதான் மாமா. கொரல் இது இல்ல. அம்மா கொரல் மெல்லிசா இருக்கும். என்னைய ‘சாப்ட்டியாடீ’ன்னு கேட்டா கடைசியில லேசா இழுக்கும். இது அந்தக் கொரல் இல்ல.” சொல்லிவிட்டுத்தான் அழுதாள். மருதை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் அது முன்னமே தெரிந்திருக்கும் போல. தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கும் பேச்சக் கேட்டப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் இவ ஆசப்பட்டாளேன்னு…” என்றார்.

பாப்பாயி கனிஷ்காவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் கை வைத்தாள். வெங்காய வாசம் கடை முழுக்க நிறைந்தது. பிறகு திரும்பி, ஷட்டருக்கு அருகில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

“கேட்டியாய்யா? வாயத் தொறந்து நாலு வார்த்த பேசறதுக்குள்ள இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு. கூடவே கெடக்குற ஒனக்குத் தெரியல.”

வெள்ளைச்சாமி ஷட்டரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றான். “டீ வாங்கியாறேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

பாயிடமிருந்து திரும்ப வாங்கிய கேமரா இளவேனிலின் பைக்குள் இருந்தது. பாப்பாயியும் கனிஷ்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டருக்கு அடியில் வந்த வெளிச்சம் இரண்டு முகங்களிலும் கீழிருந்து மேலாக ஏறியிருந்தது. உறவே இல்லாத இரண்டு பேருக்கு ஒரே தாடை. படம் எடுக்க இளவேனிலின் விரல் ஊறியது.

“அக்கா,” என்றாள். “ஒண்ணு எடுத்துக்கட்டுமா? எங்கயும் போடமாட்டேன்.”

“வேணாம்,” என்றாள் பாப்பாயி.

அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் இளவேனில் வெளியாள் யாரிடமும் கேட்டதில்லை, அதனால் இந்த வார்த்தையைக் கேட்டதும் இல்லை. வலிக்கும் என்று நினைத்திருந்தாள். வலிக்கவில்லை. எடுப்பதற்கு இல்லை என்றானதும், உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். கனிஷ்காவின் இமை ஈரத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிவதையும், பாப்பாயியின் நகக்கண்ணில் தொலியின் ரோஸ் சாயம் ஏறியிருப்பதையும் பார்த்தாள். டீ வந்து ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது கனிஷ்கா தயங்கினாள். “அக்கா, அந்தப் படம் மட்டும் எனக்கு ஒண்ணு வேணும்.”

“அதான் உங்கம்மா இல்லேன்னு ஆயிருச்சே,” என்றாள் பாப்பாயி. “எதுக்கு?”

“இல்லதாம்மா. ஆனா அம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்பா இருந்தவரைக்கும் வீட்ல யாரும் சிரிக்கமாட்டாங்க. சிரிச்சிருந்தா இப்படித்தான் இருந்திருப்பாங்கன்னு தோணுச்சு.”

மருதை சுவரைப் பார்த்தார். பாப்பாயி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இவளுக்கு ஒண்ணு குடு,” என்றாள் இளவேனிலிடம். “கையில குடு. போன்ல அனுப்பாத. இவளத் தவிர வேற யாருக்கும் கெடையாது.”

“சரிக்கா.”

ராஜகோபுரம் ஸ்டாப் வரைக்கும் எல்லோரும் நடந்தார்கள். மாமனும் மருமகளும் பஸ் ஏறினார்கள். காற்றில் துப்பட்டா முகத்தில் அடிக்க, கனிஷ்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். வெள்ளைச்சாமி ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, முன் சீட்டைத் தன் துண்டால் தட்டினான். பாப்பாயி அந்தச் சீட்டையும் பின்னால் கிடந்த சாக்குகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முன்னால் ஏறி, அவனை ஒட்டாமல் ஓரமாக உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் தலையை வெளியே நீட்டினாள்.

“ஏம்மா, அந்தப் புள்ளையோட அம்மா கெடச்சா ஒனக்குத்தானே மொதல்ல போன் பண்ணும்?”

“ஆமாக்கா.”

“எனக்கு வந்து சொல்லு. நானும் ஒருக்கா அவளப் பாக்கணும். என்னைய மாதிரியே ஒருத்தி, எந்த ஊர்ல உக்காந்து என்னா வேல செஞ்சிட்டிருக்காளோ!”